பூட்டிவிட்டுத்தான் போனாரா?

போன மாதம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்றிருந்த ஒரு சைக்கிளை யாரோ பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கியர் வைத்த புது வண்டி. வண்டிக்குச் சொந்தக்காரப் பெண் அழுத அழுகை மூன்றாம் மாடிவரை கேட்டது. மறுநாள் சங்கச் செயலாளர் படியேறி வந்தார்.

"ஸ்டெல்லா மேடம், நீங்க தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல வேலை பாத்தவங்களாமே? நம்ம நியூஸ்லெட்டருக்கு லாக் சேஃப்டி பத்தி ஒரு பேஜ் எழுதிக் குடுங்களேன். சிம்பிளா, டிப்ஸ் மாதிரி."

டிப்ஸாம்! ஆயுசில் பாதியைப் பூட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கழித்தவளிடம் டிப்ஸ் கேட்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பேனாவை எடுத்து உட்கார்ந்தால் டிப்ஸ் வரமாட்டேன் என்கிறது. தூங்குமூஞ்சி மரம் வருகிறது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வருகிறது, கன்னியப்பன் அண்ணன் வருகிறார். நீளமாகப் போனால் செயலாளர் வெட்டிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

எங்கள் ஸ்டாண்ட் கிழக்குத் தாம்பரம் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. காலையில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகும் மின்சார ரயில்களைப் பிடிக்க சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு காலனிகளிலிருந்தெல்லாம் சைக்கிள்கள் வந்து கொட்டும். வண்டியை நிறுத்துவதும், பின்சக்கரப் பூட்டின் கொக்கியை அழுத்துவதும், டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதும்தான். டக், டக், டக் என்று அந்தச் சத்தம் கூரைக்குக் கீழே ஓயாது. ரயில் போனதும் எல்லாம் அடங்கிவிடும். மதியத்தில் மரத்தின் நிழல் மெதுவாக நகர்ந்து ஒவ்வொரு வரிசையாகப் போர்த்தும். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று மேலே முனகிக்கொண்டே வட்டமடிக்கும். கம்பிகளில் வெயில் பட்டு அந்த வரிசை முழுவதும் மினுங்கும். நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். இத்தனை வண்டிகளும் ஒரே சமயத்தில் பூட்டவிழ்ந்து, ஆளில்லாமல், திருநீர்மலைப் பக்கம் உருண்டு போவதாக எனக்கு அடிக்கடி ஒரு கனவு வந்ததுண்டு. இப்போதும் வருகிறது.

நான் அங்கே சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எங்கள் சபையில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் டீச்சர், நர்ஸ், டைப்பிஸ்ட். நான் மட்டும் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டவள். பெண்கள் சைக்கிள் வரிசைக்கு ஒரு பெண் வேண்டும் என்று காண்டிராக்டர் சொல்லி அனுப்ப, நான் போய் நின்றேன். "ஆண்டவரே, சைக்கிள் ஸ்டாண்டுலயா!" என்று அம்மா ஒரு வாரம் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள். வேலை கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை.

கன்னியப்பன் அண்ணன்தான் ஸ்டாண்டுக்குப் பொறுப்பு. உள்ளூர் ஆள், மெலிந்த உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். சத்தம் போட்டு ஒருநாளும் கேட்டதில்லை. வண்டிகளைப் 'புள்ளைங்க' என்பார். எங்களை வாம்மா, போம்மா என்பார். ஆனால் கோபம் வந்துவிட்டால் மரியாதை ஏறிவிடும். "ஸ்டெல்லா சார், கொஞ்சம் இப்டி வரீங்களா?" என்றால் நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அவர் பூட்டைப் பார்க்கும் விதத்தை நான் இப்போதும் கண்ணால் பார்க்கிறேன். ஆள் பூட்டியதும், சக்கரத்தை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் உருட்டுவார். கொக்கி கம்பிகளுக்கு நடுவே முழுசாகப் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு இரண்டே விரலால் கொக்கியை ஒரு இழுப்பு. நல்ல பூட்டு அசையாது. தேய்ந்த பூட்டு அந்த இழுப்புக்கே வாயைத் திறந்துவிடும்.

"இன்னா சார், உங்க பூட்டு கொட்டாவி வுடுது? மாத்துங்க சார்."

கடைசியில், "சாவி காட்டு சார்" என்பார். சாவியைக் கையில் தூக்கிக் காட்டினால்தான் டோக்கன். ரயில் ஊதிக்கொண்டிருந்தாலும் சரி, காட்டினால்தான்.

ஆரம்பத்தில் மாதப் பாஸ்காரர்களுக்கு டோக்கன் கிடையாது. முகம் தெரியும், அவ்வளவுதான். எவன் சாவிக்கு வண்டி திறக்கிறதோ அவன் வண்டி என்பதுதான் எங்கள் சட்டம். அந்தச் சட்டம் எங்களை அழகாகக் கவிழ்த்தது. ஒரு நெட்டை ஆள், பேங்கில் பியூன். ஒருநாள் வந்து, "அக்கா, கொஞ்ச நாளா முட்டி ஹேண்டில்பார்ல இடிக்குது, வயசாயிடுச்சு போல" என்றார். அதே வாரம் இன்னொருவர், குட்டையானவர், டெய்லர். "பெடல் எட்ட மாட்டேங்குதும்மா. என் சம்சாரம் நான் இளைச்சிட்டேன்னு முட்டையா அவிச்சுக் குடுக்குது." நான் இரண்டு பேருக்கும் உச்சுக்கொட்டி அனுப்பினேன். கன்னியப்பன் அண்ணன்தான் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, கல்லாவில் சாய்ந்து சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இரண்டும் கறுப்பு, சீட்டின் உயரம் தவிர இரண்டும் ஒரே மாதிரி. ஒருவர் சாவிக்கு மற்றவர் பூட்டு திறக்கிறது. வாரக்கணக்காக ஆளுக்கொருவர் வண்டியை மாற்றி ஓட்டிக்கொண்டு, உடம்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! மலிவுப் பூட்டுகளுக்கு உள்ளே ஒன்றிரண்டு தகடுதான். சாவியில் அதிக வகை இல்லை. அது தெரிந்த பிறகு மாதக்காரர்களுக்கும் தகர டோக்கன் வந்தது. ஒரே எண் போட்ட இரண்டு துண்டு. ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், ஒன்று சொந்தக்காரர் சட்டைப்பையில்.

செயலாளர் கேட்டதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார். பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தில் உருட்டிப் போய்விடலாம், பார்ப்பவர்கள் பஞ்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு சங்கிலியைச் சைக்கிளின் இரும்புச் சட்டத்துக்குள் விட்டுத் தூணோடு சேர்த்துப் பூட்டுங்கள். எண் பூட்டு வாங்கினால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளையமாகத் திருப்பிப் பாருங்கள். சரியான எண்ணில் அது லேசாகத் தடுக்கினால், அந்தத் தடுக்கல் திருடன் விரலுக்கும் தெரியும். கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகாணியின் நுனியைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிடுங்கள், கழற்ற வராது. மழைக்காலம் முடிந்ததும் சாவித் துவாரத்தில் மண்ணெண்ணெய் விட்டு, சாவியை நுழைத்து நுழைத்து எடுத்துத் துடைத்து, அழுக்கெல்லாம் வந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். மார்கழியில் உறைந்து, தூசியோடு சேர்ந்து, சாவியைக் கவ்விக்கொண்டு சாகடிக்கும். அண்ணன் இதற்கென்றே ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். மண்ணெண்ணெய்ச் சீசா, மெஷின் எண்ணெய், துடைக்கும் துணி, எண்ணெயைத் தொட்டு விட ஒரு கோழி இறகு. அண்ணன் இல்லாத நேரத்தில் ஆட்கள் பூட்டிலேயே மறந்துவிட்டுப் போகும் சாவிகளும் அந்த டின்னில்தான் கிடக்கும். சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு கேட்டால், "சாவிய மறந்த, வூட்ட மறக்கலியே, சந்தோசம்" என்று கொடுப்பார்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். காலைக் கூட்டம் வடிந்த பிறகு நானும் அண்ணனும் வரிசையாகப் பூட்டுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். சுவர் ஓரத்தில் ஒரு கறுப்பு வண்டி பூட்டாமல் நின்றது. சாவி பூட்டிலேயே தொங்கியது. சாவியில் ஒரு சிவப்பு ரிப்பன் துண்டு, பள்ளிக்கூடப் பெண்கள் தலையில் கட்டுவது. வண்டி யாருடையது என்று எனக்குத் தெரியும். ஏழுமலை என்று ஒருவர். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்து, சைதாப்பேட்டையில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"பூட்டி, காட்டி, டோக்கன் வாங்கின ஆளுதானே அண்ணா? அப்புறம் எப்படித் திறந்தது? மறந்துட்டாரா?" என்றேன்.

அண்ணன் ஹேண்டில்பாரைக் காட்டினார். அங்கே தொங்க வேண்டியது ஒரு தகரத் துண்டு. இரண்டு தொங்கின. ஏழுமலை தன் சட்டைப்பைத் துண்டையும் எங்கள் துண்டோடு சேர்த்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். சாவியை மறப்பான் மனுஷன். டோக்கன் வாங்கிய பிறகு திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, சாவியை விட்டு, டோக்கனையும் மாட்டுகிறவன் எதையும் மறக்கவில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறான்.

அண்ணன் சக்கரத்தை முன்னே பின்னே உருட்டினார். கொக்கியை அழுத்தினார். டக். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். சாவியை எடுத்து டின்னின் அடியில், துணிக்குக் கீழே வைத்தார். அந்த இன்னொரு டோக்கனைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் பாக்கலாம்மா."

சாயங்காலம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வாரக் கடைசியில் ஒரு பெண் வந்தாள், கூட அவளுடைய அண்ணன். ஏழுமலையின் மனைவி தேவகி. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், அந்த வண்டியைக் கண்டதும் சீட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கூட வந்தவர் செய்யாறுக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் குரல் பெரிசு.

"பாத்தியா? வண்டிய உட்டுட்டு ரயில் ஏறிட்டான். ஓடிப்போனவன்தான். புள்ளைங்கள கூட்டிக்கினு என்னோட கிளம்பு. என் வூட்ல ஒரு மூலையில கெடங்க, நான் சோறு போடறேன்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கன்னியப்பன் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"சார், அவரு பூட்டிட்டுத்தான் போனாரா?"

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருந்தது. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வருவான். இல்லாவிட்டால் அவளுக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் செய்யாறில் ஒரு மூலை.

அண்ணன் டின்னைத் திறந்து, துணியை எடுத்து, சீட்டின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் துடைத்தார்.

"பூட்டித்தாம்மா கீது. நீயே இழுத்துப் பாரு."

அவள் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. தன் அண்ணன் பக்கம் திரும்பி, "பூட்டிட்டுப் போயிருக்காரு. வருவாரு. நான் எங்கயும் வரல" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு நான் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணா இப்படிப் பொய் சொல்லிட்டீங்க? அந்தப் பொண்ணு வாசலைப் பாத்துக்கிட்டே கிழவியாயிடும்!"

"நான் இன்னா பொய் சொன்னேன்? பூட்டி கீதா, இல்லியா?"

"யார் பூட்டினது?"

"ஸ்டெல்லா சார், லேடீஸ் வரிசையில வண்டி சாஞ்சிகினு கீது பாருங்க."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் தேவகி வருவாள். கொக்கியை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டியிருக்கா சார்?" "பூட்டித்தாம்மா கீது." போய்விடுவாள். அண்ணன் அந்தப் பூட்டுக்கு மற்ற எந்தப் பூட்டுக்கும் செய்யாத சேவகம் செய்தார். அவள் வராத நாளில் சாவியை எடுத்துத் திறந்து, மண்ணெண்ணெய் விட்டு, இறகால் எண்ணெய் தொட்டு, பூட்டி, மறுபடி ஒளித்து வைப்பார். டயருக்குக் காற்றும் அடிப்பார். மழை போய், வெயில் வந்து, மரத்தின் பூக்கள் சீட்டின் மேல் விழுந்து வாடும், தட்டிவிடுவார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண்ணை நம்பவைத்து உட்காரவைத்திருக்கிறாரே என்று பலநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாமே சொல்லிவிடலாம் என்று தேவகியின் பின்னால் கேட்வரை போயிருக்கிறேன். அவள் திரும்பிப் பார்த்து, "என்னக்கா?" என்பாள். ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஸ்டாண்டின் காண்டிராக்ட் கை மாறியது. புது ஆள் பொல்லாதவர் இல்லை, ஆனால் இடம் வேண்டும் அவருக்கு. கேட்பாரில்லாத வண்டிகளை எல்லாம் பூட்டை அறுத்து லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். ஆக்சா பிளேடோடு அவருடைய ஆள் வந்து நின்றது ஒரு சனிக்கிழமை. தேவகியும் வந்திருந்தாள்.

அந்த ஆள் சுவர் ஓரத்து வண்டியிடம் குனிந்தான். அண்ணன் ஓடிப்போய்ப் பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இத வுட்ரு சார். இது கேட்பாரில்லாத வண்டி இல்ல. இதுக்கு ஆளு கீது."

"ஆளு கீதுன்னா தொறந்து எடுத்துக்கினு போவச் சொல்லு. சாவி எங்க?"

அண்ணன் பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. சாவியைக் கொடுத்தால் இத்தனை நாள் சொன்னது தேவகியின் கண்ணெதிரே உடையும். கொடுக்காவிட்டால் பூட்டு உடையும். அய்யோ, இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் திட்டினேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தேவகிதான் பேசினாள். ரொம்பச் சாதாரணமாக.

"அறுக்க வேணாம். சார், அந்தச் சாவியக் குடுங்க."

"எந்தச் சாவிம்மா?"

"டின்னுல, துணிக்குக் கீழ. சிவப்பு ரிப்பன் கட்டினது. எங்க சின்னவ ரிப்பன், நான்தான் கட்டினேன். மொதல் நாளே பாத்துட்டேன் சார். சீட்ட தொடைக்கத் துணிய எடுத்தீங்களே, அப்ப."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான், பூட்டிட்டுப் போனாரான்னு கேட்டேன். நீங்க, பூட்டி கீதுன்னு சொன்னீங்க. நான் கேட்டது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு. அதுவும் அப்பவே புரிஞ்சிது."

எனக்குத் தாங்கவில்லை. "அப்ப எதுக்கும்மா வாராவாரம் வந்து கேட்டே?" என்றேன்.

"அண்ணன் வூட்டு மூலைக்குப் போவ எனக்கு இஷ்டமில்லக்கா. போவ மாட்டேன்னு சொல்ல ஒரு காரணம் வேணும்ல? புருஷன் வருவாருன்னா ஊரு வாய மூடும். சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து, பூட்டியிருக்குன்னு சொன்னா, ஒரு வாரம் எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். அதுக்குள்ள நான் தையல் மெஷின் கத்துக்கிட்டேன். குரோம்பேட்டைல எக்ஸ்போர்ட் கம்பெனில எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க." பிறகு அண்ணனிடம் கையை நீட்டினாள். "இனிமே அந்தக் காரணம் வேணாம் சார். வண்டிதான் வேணும்."

அவர் டின்னைத் திறந்து, துணியை விலக்கி, சாவியைக் கொடுத்தார். அவள் நுழைத்துத் திருப்பினாள். இத்தனை மாதம் நின்ற வண்டியின் பூட்டு ஒரு சொல்லுக்குத் திறப்பதுபோல் டக்கென்று திறந்துகொண்டது. ஹேண்டில்பாரில் கிடந்த தகரத் துண்டைக் கழற்றி அண்ணன் கையில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பிளேடுக்காரன் அடுத்த வண்டிக்குப் போனான்.

ஏழுமலை வரவே இல்லை. திண்டிவனம் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தேவகி வந்தாள். ஓட்டத் தெரியாது, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. (ஓட்டிக்கொண்டு வந்தது அப்புறம், சுடிதாரில், அந்தக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியிலேயே. அன்று எங்கள் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது.) சுவர் ஓரத்தில் அதே இடத்தில் நிறுத்தினாள். கொக்கியை அழுத்தினாள். அண்ணன் கேட்பதற்கு முன்பே சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"பூட்டிட்டேன் சார். சாயங்காலம் வந்துடுவேன்."

அண்ணன் சக்கரத்தை உருட்டிப் பார்க்கவில்லை, இரண்டு விரலால் இழுத்தும் பார்க்கவில்லை. டோக்கனைக் கொடுத்தார். அவள் ஓடிப்போய் ரயிலைப் பிடித்தாள்.

அன்று அவருக்குக் காலை வேலை மட்டும்தான். மதியமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். போகவில்லை. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நிழல் வரிசை வரிசையாக நகர்ந்தது. விமானம் முனகியது. ரயில் ஒவ்வொன்றாக வந்தது, ஆட்கள் வந்து திறந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் அவர் கேட்டைப் பார்த்தார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தேவகி வந்தாள். டோக்கனைக் கொடுத்தாள். சுவர் ஓரத்துக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள். டக்.

கன்னியப்பன் அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார்.

"நான் வூட்டுக்குப் போறேம்மா."